நாளைக்கு அழுவேன்: ஒரு நடிகையின் வாழ்வும் படமும்

ஆடவன் ஒருவன் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடினால் உலகம் நகைக்கிறது, அல்லது ஏசுகிறது. பெண்ணொருத்தி குடித்தாளாயின் உலகம் கதவைச் சாத்திவிடுகிறது. நகைப்பும் ஏச்சும் வெளியே கேட்கும். சாத்திய கதவுக்குள் நடப்பது எவர்க்கும் தெரிவதில்லை. குடியனைப் பற்றி அறநூல்கள் எத்தனையோ பேசியிருக்கின்றன. நம் வள்ளுவப் பெருந்தகையும் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், மனம் சோர்ந்து மதுவுக்கு அடிமைப்பட்ட பெண் ஒருத்தி தன் வாயாலேயே, தன் பெயரோடு, தன் கதையைச் சொன்ன வரலாறு மிக அண்மைக் காலத்தது. அவ்வாறு சொன்ன ஒருவரின் வாழ்வையும், அவ்வாழ்வைத் திரையிற் காட்டிய படத்தையும், அப்படம் உரைத்ததையும் உரையாது விட்டதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்படம் அமெரிக்காவில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியாரால் 1955-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. "ஐல் க்ரை டுமாரோ" என்பது அதன் பெயர். "நாளைக்கு அழுவேன்" என்று நாம் தமிழிற் சொல்லலாம். டேனியல் மான் என்பார் இயக்கினார். சூசன் ஹேவர்ட் கதாநாயகியாக நடித்தார். கதை கற்பனையன்று. லில்லியன் ராத் என்னும் பாடகியின் வாழ்க்கையே அது. படம் வெளிவந்தபோது அவர் உயிரோடிருந்தார். 45 வயதினராகத் தம் கதையைத் தாமே திரையிற் காணும் நிலையில் இருந்தார். இப்படம் ஏன் வரலாற்றில் இடம்பெறத் தக்கது என்பதை அறிய, அதற்கு முன் திரையுலகம் குடியை எவ்வாறு நடத்திற்று என்பதை முதற்கண் நோக்கவேண்டும்.

நகைப்புக்கு உரிய பொருள்

பேசாப் படங்களின் காலத்தில் குடிகாரன் கோமாளியாக விளங்கினான். 1916-இல் சார்லி சாப்ளின் நடித்த "ஒன் ஏ.எம்." என்னும் சிறு படத்தில், நள்ளிரவில் போதையோடு வீடு திரும்பும் ஒருவன் படுக்கையைச் சேரப் படும் பாடே முழுக்கதை. மக்கள் விலாநோகச் சிரித்தனர். பேசும்படம் வந்த பின்னும் அச்சிரிப்பு நிற்கவில்லை. 1934-இல் வந்த "தி தின் மேன்" என்னும் துப்பறியும் படத்தில் கணவனும் மனைவியும் போட்டியிட்டுக் குடிப்பர். குடி அவர்தம் செல்வச் செழிப்புக்கும் சாதுரியத்துக்கும் ஓர் அணிகலன் போலவே காட்டப்பட்டது. அம்மனைவி மறுநாட் காலையில் கை நடுங்கி உட்கார்ந்திருப்பதை எவரும் காட்டவில்லை.

சிரிப்புக்கு மறுபக்கத்தில் சீற்றம் இருந்தது. அமெரிக்காவில் 1874-ஆம் ஆண்டு கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் தோன்றிற்று. குடிகாரக் கணவர்களால் அடிபட்டும் பட்டினி கிடந்தும் துயருற்ற மாதர்க்காகப் பெண்களே திரண்ட பேரியக்கம் அது. அவர்தம் தொண்டு போற்றத்தக்கது. அத்தகைய இயக்கங்களின் அயரா முயற்சியால் 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அவ்வியக்கத்தாரின் மேடைகளில் பெண் என்பவள் பெரும்பாலும் குடிகாரனின் மனைவியாக, அல்லது தாயாகவே நின்றாள். அவளே குடிகாரியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு அம்மேடைகளில் இடம் அரிதாயிருந்தது.

ஹாலிவுட்டாரோ தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டனர். 1930-இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடத்தப்பட்ட அந்த ஒழுக்க விதிகள், கதைக்கு இன்றியமையாத இடத்திலன்றி மதுவைத் திரையிற் காட்டலாகாது என்று கூறின. விளைவு யாது? குடியை வேடிக்கையாகக் காட்டுவது தொடர்ந்தது. நோயாகக் காட்டுவதுதான் அரிதாயிற்று.

இந்நிலையை முதலில் அசைத்த பெரும்படம் 1945-இல் வந்த "தி லாஸ்ட் வீக்கெண்ட்". சார்லஸ் ஜாக்சன் 1944-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி பில்லி வைல்டர் அதனை இயக்கினார். எழுத்தாளன் ஒருவன் மதுவின் பிடியில் சிக்கிச் சில நாட்களில் படும் நரகவேதனையை அது காட்டிற்று. சிறந்த படம் என்னும் பரிசு உட்பட 4 ஆஸ்கார் விருதுகளை அது பெற்றது. அங்கும் குடிப்பவன் ஆணே. அவனுக்காகக் காத்து நிற்பவள் பெண்.

1947-இல்தான் "ஸ்மாஷ் அப்" என்னும் படம் ஒரு பெண்ணை நடுநாயகமாக நிறுத்திற்று. தன் பாட்டுத் தொழிலைக் கணவனுக்காகத் துறந்து, அவன் புகழேணியில் ஏற ஏறத் தான் வெறும் வீட்டில் தனித்திருந்து, அத்தனிமையைக் குடியால் நிரப்பும் மனைவியின் கதை அது. அவ்வேடத்திலும் நடித்தவர் சூசன் ஹேவர்டே. அப்பொழுதே அவர் பெயர் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. ஆயினும் அது புனைகதை. புனைகதை மாந்தரை மன்னிப்பது எளிது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர்கள் மறைந்துவிடுகின்றனர். உயிரோடு நம்மிடையே நடமாடும் ஒருவர் "அது நான்தான்" என்று சொல்லும்போதுதான் சமூகத்தின் நெஞ்சுக்குச் சோதனை வருகிறது.

மேடையில் வளர்ந்த குழந்தை

லில்லியன் ராத் 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தாய் கேட்டி, தந்தை ஆர்தர். அக்காலத்துப் புகழ்பெற்ற பாடகி லில்லியன் ரஸ்ஸலின் பெயரையே மகளுக்கு இட்டதிலிருந்து பெற்றோரின் ஆசை விளங்கும். பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் வயதிலேயே குழந்தை கூத்து மேடைக்குச் சென்றது. 1917-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் ஏறிற்று. பின்னர் தங்கை ஆனுடன் சேர்ந்து ஊர் ஊராக ஆடியும் பாடியும் வந்தது. மற்றக் குழந்தைகள் மண்ணில் விளையாடும் பருவத்தில் அக்குழந்தை ரயில் வண்டியிலும் ஒப்பனை அறையிலும் வளர்ந்தது. அழுகை வந்தால் அழக்கூடாது, முகப்பூச்சு கலைந்துவிடும். "நாளைக்கு அழுவேன்" என்னும் தலைப்பின் பொருளை இவ்வாறும் கொள்ளலாம் என்பது என் கருத்து. இன்று ஆட்டம் உண்டு. ஆகையால் துயரத்தை நாளைக்குத் தள்ளிவை. அவ்வாறு நாள்தோறும் தள்ளிவைத்த கண்ணீருக்கு வட்டியேறிப் பின்னர் முழுக்கடனாகத் திரும்பி வந்தது.

இருபதாம் வயதை எட்டுமுன் அவர் புகழின் உச்சியில் நின்றார். 1929-இல் எர்ன்ஸ்ட் லுபிட்ச் இயக்கிய "தி லவ் பரேட்" படத்திலும், 1930-இல் மார்க்ஸ் சகோதரர்களின் "அனிமல் கிராக்கர்ஸ்" படத்திலும், அதே ஆண்டு செசில் டிமில் இயக்கிய "மேடம் சேட்டன்" படத்திலும் நடித்தார். செல்வம் குவிந்தது. இந்நிலையில், அவரை மணக்கவிருந்த டேவிட் லயன்ஸ் என்னும் இளைஞர் காசநோயால் மாண்டார். உறக்கமின்றித் தவித்த அவருக்கு, உறக்கம் வருவதற்காக ஒரு கிண்ணம் மது கொடுக்கப்பட்டது. உறக்கம் வந்தது. மறுநாளும் துயரம் இருந்தது. மறுநாளும் கிண்ணம் இருந்தது.

ஈண்டு ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அக்காலம் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலம். சட்டம் மதுவை விலக்கியிருந்தது, துயரத்தை விலக்கவில்லை. கடைகளை மூடுவது வேண்டியதே. ஆனால் குடிப்பவரின் நெஞ்சில் மூளும் தீயை அணைக்காமல் கடையை மட்டும் மூடினால், அத்தீ கள்ளத்தனமாக எண்ணெய் தேடிச் செல்லும் என்பதற்கு இவ்வம்மையாரின் வாழ்வு சான்றாகும்.

மனச்சோர்வும் குடியும் ஒன்றையொன்று வளர்ப்பன. மது முதலிற் கவலையை மழுங்கச் செய்கிறது; உறக்கத்தையும் விரைவில் தருகிறது. ஆயின் அவ்வுறக்கம் நடு இரவிற் சிதைகிறது. விடிந்தபின் மனம் முன்னினும் இருள்கிறது. அவ்விருளைப் போக்க மீண்டும் மது வேண்டப்படுகிறது. பெண்களின் உடலில் நீரின் பங்கு ஆண்களினும் குறைவாதலின், ஒரே அளவு மது பெண்ணின் குருதியில் மிகுதியாகச் செறிகிறது. ஈரலுக்கு நேரும் கேடும் குறைந்த அளவிலேயே, குறைந்த ஆண்டுகளிலேயே வந்து சேர்கிறது. இஃது இன்றைய மருத்துவம் கண்ட முடிபு. "ஆணைப்போல் குடித்தாள்" என்று ஏசுவோர், அவள் உடல் ஆணினும் விரைவாக அழிவதை அறியார்.

லில்லியனின் வாழ்வில் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. 1931-இல் ஒரு விமானியை மணந்து மறு ஆண்டே பிரிந்தார். 1933-இல் ஒரு நீதிபதியை மணந்து 1939-இல் பிரிந்தார். பின்னர் வந்த ஒருவர் அவரை அடித்துத் துன்புறுத்தினார். திரைவாழ்வு முடிந்தது, ஈட்டிய பொருள் கரைந்தது. ஒரு காலத்தில் தம் பெயரை ஒளிவிளக்கில் கண்டவர், பின்னர் அப்பெயரைச் சொல்லவும் நாணி வாழ்ந்தார். மனநோய் மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றார். அதன் பின்னும் வீழ்ந்தார். இறுதியில் 1946-ஆம் ஆண்டு அவர் ஒரு கழகத்தின் வாயிலை அடைந்தார்.

பெயர் கூறாதார் கழகம்

அக்கழகமே "அல்கஹாலிக்ஸ் அனானிமஸ்". குடிநோயால் வீழ்ந்தோர் தம் பெயரைப் பொதுவில் வெளியிடாமல் ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் கூட்டுறவு எனலாம். 1935-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் பங்குவணிகத் தொழிலாளரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் அதனைத் தொடங்கினர். இருவரும் குடியால் அழிந்துகொண்டிருந்தவர்கள். குடியனுக்கு உபதேசம் செய்யப் பாதிரிமாரும் மருத்துவரும் நீதிபதியும் இருந்தனர். அவர்களால் ஆகாத ஒன்று இன்னொரு குடியனால் ஆயிற்று. "நானும் அங்கே கிடந்தவன்தான்" என்ற ஒரு சொல்லே அக்கழகத்தின் மருந்து.

ஆயினும் அங்கும் தொடக்கத்திற் பெண்ணுக்குரிய இடம் குறுகலாகவே இருந்தது. 1939-இல் அவர்கள் வெளியிட்ட பெருநூலில் ஓர் அதிகாரம் மனைவியர்க்கென எழுதப்பட்டது. குடிப்பவன் கணவன், பொறுப்பவள் மனைவி என்ற எண்ணமே அதன் அடிப்படை. மனைவி குடித்தால் கணவன் என் செய்வது என்பதற்கு அத்தகைய தனி அதிகாரம் இல்லை.

அந்தச் சுவரை இடித்தவர்களுள் தலைசிறந்தவர் மார்ட்டி மான் அம்மையார். செல்வக் குடும்பத்திற் பிறந்து, குடியால் யாவும் இழந்து, ஒரு சிகிச்சை நிலையத்திற் கிடந்தபோது 1939-இல் அப்பெருநூலின் கைப்படி அவருக்குக் கிடைத்தது. ஹாரி டீபோ என்னும் மருத்துவரே அதனைக் கொடுத்தவர். அவர் மீண்டார். மீண்டபின் வாளாவிருக்கவில்லை. 1944-இல் யேல் பல்கலைக்கழகத்து அறிஞர்களின் துணையோடு குடிநோய்க் கல்விக்கான தேசியக் குழுவை நிறுவினார். குடிநோய் ஒரு நோய். குடிநோயர் உதவி பெற்று மீளக்கூடியவர், அவ்வுதவிக்குத் தகுதியுடையவர். ஆகவே இது பொதுச் சுகாதாரத்தைச் சார்ந்த கடமை. இம்மூன்று கருத்துகளையும் ஊர்தோறும் சென்று முழங்கினார். "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒரு பெண் மேடையில் நின்று சொன்னதைக் கேட்டு அவையோர் திகைத்தனர்.

அவர் திறந்த வழியிலேயே லில்லியன் ராத் நடந்தார். 1953-ஆம் ஆண்டு ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய "திஸ் இஸ் யுவர் லைஃப்" என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வீடுகளில் அமர்ந்திருந்த எண்ணிறந்த மக்கள் காணத் தம் வீழ்ச்சியையும் எழுச்சியையும் ஒப்புக்கொண்டார். 1954-இல் அதனை நூலாக வெளியிட்டார். மைக் கானலி, ஜெரால்ட் ஃபிராங்க் என்னும் இருவர் எழுத்தில் துணை நின்றனர். நூல் இலட்சக்கணக்கில் விற்றது. மறு ஆண்டே அது படமாயிற்று.

திரையிற் கண்டது

படத்தின் சிறப்பு அதன் அச்சமின்மையில் உள்ளது. நடிகையர்க்கு அழகே மூலதனம் என்றிருந்த ஹாலிவுட்டில், சூசன் ஹேவர்ட் கலைந்த தலையும் வீங்கிய கண்ணும் நடுங்கும் கையுமாகக் காட்சியளித்தார். மதுவை நிறுத்தியபோது உடல் துடிதுடித்து வியர்த்து அலறும் நிலையைப் படம் மறைக்கவில்லை. நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்துவது மருத்துவ மேற்பார்வை இல்லாவிடில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதை இன்று அறிவோம். "மன உறுதியிருந்தால் நாளையே விடலாமே" என்று எளிதாகப் பேசுவோர்க்கு அக்காட்சிகள் தக்க விடை.

பாடல்களையும் சூசன் ஹேவர்டே தம் குரலிற் பாடினார். விளம்பரத் தாள்களில், ஒரு பெண்ணின் ஆன்மாவினுள்ளேயே சென்று எடுத்த படம் என்ற பொருளில் எழுதியிருந்தனர். விளம்பரம் என்றாலும் அதில் ஓர் உண்மை இருந்தது. அதே 1955-ஆம் ஆண்டு ஏப்ரலில், மணமுறிவின் கசப்பிலும் மனச்சோர்விலும் உழன்ற சூசன் ஹேவர்ட் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டிருந்தார். செய்தித்தாள்கள் அதனைப் பரப்பின. அதன் பின்னரே இவ்வேடத்தைப் புனைந்தார். வாழ்வை வெறுத்து உயர்ந்த கட்டடத்தின் சன்னலருகே நிற்கும் லில்லியனாக அவர் நடித்த காட்சியை, இச்செய்தி அறிந்தவர் வெறும் நடிப்பாக எண்ணிக் காண இயலாது.

தாய் கேட்டியாக நடித்த ஜோ வான் ஃபிளீட், சூசன் ஹேவர்டைவிட இரண்டொரு வயதே மூத்தவர். எனினும் ஆசையால் மகளை உந்தி, பின் அவள் அழிவைக் கண்டு உடையும் தாயாக அவர் அப்படியே மாறிவிட்டார். கணவனாக வந்து கொடுமை புரிபவராக ரிச்சர்ட் கான்டியும், கழகத்தில் துணை நிற்கும் பர்ட் மக்குவயராக எடி ஆல்பர்ட்டும் நடித்தனர். படத்துக்கு நான்கு ஆஸ்கார் முன்மொழிவுகள் கிடைத்தன. ஆடையமைப்புக்காக ஹெலன் ரோஸ் பரிசு பெற்றார். சிறந்த நடிகைக்கான பரிசு சூசன் ஹேவர்டுக்குக் கிட்டவில்லை. அதே டேனியல் மான் இயக்கிய "தி ரோஸ் டாட்டூ" படத்துக்காக அன்னா மன்யானி அதனைப் பெற்றார். ஆனால் 1956-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் படவிழாவில் சிறந்த நடிகை என்னும் பாராட்டு சூசன் ஹேவர்டையே சேர்ந்தது.

இப்படம் வெளிவந்த அதே 1955 டிசம்பரில், அபின் வகையைச் சேர்ந்த ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனின் கதையாகிய "தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்" படத்தை ஓட்டோ பிரமிஞ்சர் வெளியிட்டார். ஒழுக்க விதிகளைக் காத்தவர்கள் அதற்கு முத்திரை தர மறுத்தனர். முத்திரையின்றியே படம் திரைக்கு வந்தது. 1956-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டன. அடிமைப்பட்டோரைத் திரையிற் காட்டலாகாது என்றிருந்த கதவு, ஒரே பருவத்தில் இரு கைகளால் தட்டித் திறக்கப்பட்டது.

படம் உரையாது விட்டது

புகழ்ந்ததோடு நில்லாமல் குறையையும் கூறுவதே ஆராய்ச்சிக்கு அழகு. படத்தில் இரண்டு குறைகள் உள.

முதலாவது, பழி முழுவதும் தாயின் தலையில் ஏற்றப்படுகிறது. கேட்டி ஆசைப்பட்டார் என்பது மெய். ஆனால் குழந்தையை மேடையேற்றிப் பணம் பறித்த கொட்டகைக்காரர் யார்? பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணின் சிரிப்பை விற்று வாழ்ந்த படக் கம்பெனிகள் யாவை? ஹாலிவுட் எடுத்த படம் ஹாலிவுட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஏழைத் தாயொருத்தியை நிறுத்துவது எளிதாயிருந்தது. பெண் கெட்டால் வளர்ப்பு சரியில்லை என்று தாயைச் சாடும் வழக்கம் நமக்கும் புதிதன்று.

இரண்டாவது, மீட்சி ஓர் ஆடவனின் காதலாக முடிகிறது. காலில் ஊனமுற்ற பர்ட்டின் அன்பு அவரைத் தேற்ற, தொலைக்காட்சி அரங்கை நோக்கி அவர் நடந்து செல்வதோடு படம் நிறைவுறுகிறது. உண்மை வாழ்வில் லில்லியன் 1947-இல் பர்ட் மக்குவயரை மணந்தார். ஆனால் அம்மணமும் 1963-இல் முறிந்தது. படம் காட்டிய இன்ப முடிவு எட்டே ஆண்டுகளிற் பொய்த்தது. அவரைக் கரையேற்றியது கணவனின் கை ஒன்றே என்றால், அக்கை விலகியபின் அவர் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1962-இல் "ஐ கேன் கெட் இட் ஃபார் யூ ஹோல்சேல்" என்னும் இசை நாடகத்தில் பிராட்வே மேடைக்கு அவர் மீண்டிருந்தார். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்னும் இளம் பாடகியை உலகுக்கு அறிமுகப்படுத்திய நாடகம் அது. அதில் லில்லியன் ஏற்ற வேடம் ஒரு தாயின் வேடம். மணம் முறிந்த பின்னும் மேடையை அவர் விடவில்லை. 1971-இல், அறுபது வயதில், மீண்டும் பிராட்வேயில் நடித்தார். 1980-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். மார்ட்டி மான் அம்மையாரும் அதே ஆண்டு ஜூலையில் மறைந்தார்.

ஆகவே, பெண்ணின் மீட்சி ஆணின் பரிசு என்று படம் கற்பித்த பாடத்தை, அப்பெண்ணின் வாழ்வே திருத்தி எழுதிற்று. அவரை மீட்டவை மூன்று: தம் நிலை நோய் என்ற அறிவு, அந்நோயைத் தாமும் பட்டறிந்த தோழர்களின் துணை, தமக்கென ஒரு தொழில். இம்மூன்றும் எப்பெண்ணுக்கும் உரியவை. இவற்றைக் கணவன் தரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

பெயரைச் சொல்வதும் மறைப்பதும்

இறுதியாக ஒரு வினா எஞ்சுகிறது. அக்கழகம் 1950-ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் ஏற்றுக்கொண்ட மரபுகளுள் ஒன்று, பத்திரிகையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் உறுப்பினர் தம் பெயரை வெளியிடலாகாது என்பது. லில்லியன் தம் பெயரை வெளியிட்டார். அவர் செய்தது முறையா?

மறைப்பதற்கும் நியாயம் உண்டு. பெயரைக் காட்டியவர் மீண்டும் வீழ்ந்தால் இயக்கத்தின் மீது நம்பிக்கை குன்றும், புகழாசை உட்புகும், வேலை இழப்போரும் உளர். அக்கழகத்தின் மறைவு நோயாளிக்குப் போர்த்தும் போர்வை. ஆனால் சமூகம் வலிந்து திணிக்கும் மறைவு வேறு. அஃது உயிரோடு மூடும் மண். முன்னதை நோயாளி தானே விரும்பி எடுத்துக்கொள்கிறாள். பின்னதை நாம் அவள் மேல் அள்ளிப் போடுகிறோம். லில்லியன் உதறியது இரண்டாவதையே. அவர் பெயரைச் சொன்னதால், பெயர் சொல்ல இயலாத எத்தனையோ பெண்கள் தமக்குள்ள பிணிக்கு ஒரு பெயர் உண்டென்று அறிந்தனர். படம் வெளிவந்த மறு ஆண்டாகிய 1956-இல் அமெரிக்க மருத்துவர் சங்கம், குடிநோயரை மருத்துவமனைகள் மற்ற நோயாளிகளைப்போல் ஏற்றுச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. ஒரு படத்தால் அத்தீர்மானம் வந்தது என்று கூறுதல் மிகையாகும். ஆனால் அறிஞர் அரங்கில் முதிர்ந்துவந்த ஓர் உண்மையைக் கொட்டகையில் அமர்ந்திருந்த பொதுமக்களின் உள்ளத்துக்குக் கொண்டு சேர்த்தவை இத்தகைய படங்களே எனலாம்.

இதனை நான் எழுத நேர்ந்த காரணத்தையும் மறையாது கூறுகிறேன். நான் தோட்டத்துக் கிராணி. விடியற்காலைப் பெரட்டுக்குப்பின், வேலைக்கு வாராதார் பெயருக்கு நேரே காரணம் எழுதுவது என் கடமை. ஆண்களிற் சிலர் சம்பளத்துக்கு மறுநாள் வாராவிடில், காரணத்தை மண்டோர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே மட்டும் பல மாதம் "காய்ச்சல்" என்றே எழுதிவந்தேன். காய்ச்சலன்று என்பது எனக்குத் தெரியும். லயத்தில் எல்லோர்க்கும் தெரியும். குழந்தையைப் பறிகொடுத்த நாள் முதல் அவள் அப்படி ஆனாள் என்பதும் தெரியும். அவள் மானத்தைக் காப்பதாக எண்ணியிருந்தேன். இப்படத்தைக் கண்ட இரவிலேதான், நான் காத்தது அவள் மானத்தையா, எங்கள் எல்லோருடைய வசதியையா என்ற ஐயம் எழுந்தது. மறுநாள் அவள் தமக்கையாரிடம் தனியே பேசினேன். கிளினிக்கில் இதற்கும் மருத்துவம் உண்டு, இது வெட்கப்படத் தக்கதன்று என்று சொன்னேன். அவ்வம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "இதுக்குக்கூட மருந்து இருக்குங்களா, கிராணியாரே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

சீர்திருத்தம் பேசும் அன்பர்களே! அக்கேள்வி அமெரிக்காவில் 1956-இல் விடை பெற்றது. நம்மிடையே அது இன்னும் கேட்கப்படுகிறது. கேட்கும் வாயை அடைக்காமல் இருப்பதே நம் முதற்கடமை. நம் வீட்டுப் பெண்ணொருத்தி ஓயாது துயரில் ஆழ்ந்திருப்பாளாயின், உறங்குவதற்கு எதனையோ நாடுவாளாயின், கதவைச் சாத்தாதீர்கள். அழவேண்டியதை இன்றைக்கே அழுதுவிடட்டும். அருகில் ஒருவர் அமர்ந்திருங்கள். பொழுது விடிந்ததும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.